கல்தொப்பிக்காரரோடு ஒரு பேரம்

பல்கொங் மலை உச்சியில் இருக்கும் கல்தொப்பிப் புத்தர் ஆளுக்கு ஒரு வேண்டுதலைத்தான் நிறைவேற்றுவார். தேகூ சந்தையில் போர்வை விற்கும் ஒக்பூனுக்கு இந்த விதி என்றைக்குமே பிடித்ததில்லை. கொசுறு போடாதவர் என்ன பெரிய மனிதர் என்பாள். ஆனால் அன்றைக்கு அவளே ஒரே ஒரு வேண்டுதலோடுதான் வந்திருந்தாள்.

மகள் யூன்சொ கல்லூரி நுழைவுத் தேர்வை மூன்றாம் முறையாக எழுதுகிறாள். படித்தால் மாட்டு வைத்தியம்தான் என்று பிடிவாதம். இந்த முறையும் போனால் பேசாமல் போர்வைக் கடையில் உட்கார்ந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். கடைக்கு ஆள் கிடைத்தால் ஒக்பூனுக்கு லாபம்தான். அந்த லாபம் மட்டும் அவளுக்கு வேண்டாம்.

விடியுமுன் மகளுக்கு மதியச் சாப்பாட்டைக் கட்டி வைத்துவிட்டு, பக்கத்துக் கடை காலுறைக்காரி தொக்சிலோடு மலையேறினாள். தொக்சிலின் மகனும் அன்றைக்குத் தேர்வு எழுதுகிறான். உச்சி முற்றம் முழுக்க அம்மாக்கள். தேர்வறையில் மணி அடிக்கும் நேரத்துக்கு இங்கே விழுந்து கும்பிட ஆரம்பிப்பார்கள். அங்கே இடைவேளை விட்டால்தான் இங்கே முழங்காலைத் தேய்த்துக்கொள்வார்கள். மொழிப் பாடத்துக்குக் கும்பிட்டு, கணக்குக்கு இன்னும் கொஞ்சம் அழுத்திக் கும்பிட்டு, சாப்பாட்டு நேரத்தில் இருவரும் கீழே அன்னதானக் கூடத்துக்கு இறங்கினார்கள்.

வெளியே பல் கிட்டிக்கும் குளிர். உள்ளே அண்டாவின் ஆவி. ஒக்பூனின் மூக்குக்கண்ணாடியில் வெள்ளையாகப் புகை படிந்துவிட்டது. கையில் கொடுத்த கிண்ணத்தை வாங்கினாள், உட்கார்ந்தாள், பசியில் பாதியை உறிஞ்சினாள்.

“அக்கா, என்னத்தக் குடிக்கிற?”

“சூப்பு. சூடா இருக்கு, பேசாம நீயும் குடி.”

“கண்ணாடியத் தொடச்சிட்டுக் குடி.”

துடைத்துப் பார்த்தாள். கிண்ணத்தில் கடற்பாசி வழவழவென்று மிதந்தது. தேர்வு நாளில் பாசியைத் தொட்டால் மார்க்கும் அதேபோல் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதற்குப் பயந்து ஒரு மாதமாக அவள் வீட்டில் பாசி என்ற பேச்சே கிடையாது. திரும்பிப் பார்த்தால், வரிசையில் வந்த அம்மாக்கள் எல்லாரும் சோற்றையும் முள்ளங்கியையும் மட்டும் வாங்கிக்கொண்டு அண்டாவைச் சுற்றி ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“நான் ஒரு வாய்கூட வைக்கல, நீயே பாத்தல்ல,” என்று தொக்சில் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

ஒக்பூன் கிண்ணத்தோடு சமையற்கட்டில் நின்ற பிக்குணியிடம் போனாள். “ஏன் பிக்குணியம்மா, இன்னைக்குன்னு பாத்தா இத வைப்பீங்க?”

“யாரோ வீட்டுல பொறந்தநாளுன்னு மூட்டையா பாசி குடுத்துட்டுப் போனாங்க. பொறந்தநாளுக்கு இதத்தான வைக்கணும்? பரிச்ச எழுதறது நீங்களா?”

“எம் பொண்ணு.”

“அப்ப, குடிச்சவங்கதான வழுக்கணும். எறங்கறப்ப படியப் பாத்து எறங்குங்க.”

ஒக்பூனுக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சிரைக்க மறுபடி மேலே ஏறினாள். ஆங்கிலப் பாடத்துக்கு எல்லாரும் குனிந்தபோது அவள் மட்டும் நிமிர்ந்து நின்று புத்தரிடம் வியாபாரம் பேசினாள். குடித்தது அரைக் கிண்ணம்தான். குடித்தது நான், அவள் இல்லை. கண்ணாடி புகைந்தது குளிரின் குற்றம். சரி, நஷ்டத்தை நானே ஏற்கிறேன்: அவளைக் கரையேற்றிவிடு, இனி ஜென்மத்துக்கும் பாசி சூப்பைத் தொட மாட்டேன்.

கடைசிப் பாடம் வரைக்கும் இடுப்பு ஒடியக் கும்பிட்டாள்.

மலை இருட்டத் தொடங்கியபோது கைபேசி அடித்தது.

“அம்மா, முடிஞ்சுது.”

“எப்படி எழுதின?”

“கணக்குல ஒண்ணு மட்டும் சந்தேகம். மத்ததெல்லாம் தெரிஞ்சதுதான். நீ வீட்டுக்கு வந்தியா? அடுப்புல பாசி சூப்பு இருக்கும், சூடு பண்ணிக்கோ.”

ஒக்பூன் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். “என்ன சூப்பு?”

“இன்னைக்கு ஒனக்குப் பொறந்தநாளும்மா. பழைய நெலாக் காலண்டர் கணக்குல. என் பரிச்சய நெனச்சுக்கிட்டு அத மறந்துட்ட. நீ கெளம்பினதும் எந்திரிச்சு, ஒளிச்சு வாங்கியிருந்த பாசிய எடுத்து வச்சேன்.”

“அடிப்பாவி. நீ அதத் தொட்டியா?”

“உப்பு பாக்காம எப்படி எறக்குறது? பாத்தேன், நல்லாருந்துச்சு, ஒரு கிண்ணம் குடிச்சிட்டுத்தான் போனேன். ரெண்டு தடவையும் பாசியத் தொடாமப் போயிதானே வழுக்குனேன்?”

ஒக்பூன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். பிறகு, “வெளிய நிக்காத, குளிரும்,” என்று சொல்லிக் கைபேசியை வைத்தாள்.

“என்னக்கா, அழுகுற?” என்றாள் தொக்சில்.

“கண்ணாடி புகையுது.”

எல்லாரும் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். ஒக்பூன் மட்டும் திரும்பி, கல்தொப்பிக்கு அடியில் இருந்த முகத்தை நேராகப் பார்த்தாள்.

“மத்தியானம் பேசினது பேசினதுதான். ஆனா நாளைக்குக் காலையிலேருந்து. இன்னைக்கு வீட்டுல எனக்கு சூப்பு இருக்கு. என்ன சொல்ற?”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேகூ சந்தையில், எதிராளி வாயைத் திறக்காவிட்டால் பேரம் படிந்தது என்று அர்த்தம். ஒக்பூன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, படியைப் பார்த்துப் பார்த்து இறங்கினாள்.