அடுத்த ஞாயிற்றின் பாடம்

நாங்கள் இருந்தது மலாயாவில், ரந்தாவுக்கு உள்ளே முள்வேலி போட்ட ரப்பர் எஸ்டேட்டில். என் கணவர் சீவரத்தினம் அங்கே கணக்கு எழுதும் கிராணி. சிரம்பானிலிருந்து குருவானவர் வர முடியாத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவதும் அவர்தான். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு அரசாங்கம் சண்டை போட்ட அவசரகாலத்தில் எல்லா ஞாயிறுகளும் அப்படித்தான் ஆகிவிட்டன. பிரசங்கம் மட்டும் செய்யமாட்டார். "வேதத்துக்கு ஆளுக்கொரு கருத்துச் சொல்ல ஏலாது, திலகம். சபை குறிச்ச பாடத்தை வாசிக்கிறது, எல்லாரும் சேர்ந்து விசுவாசப் பிரமாணம் சொல்லுறது. அவ்வளவுதான்" என்பார். ரசத்துக்கு உப்புப் போடக்கூட ஒழுங்கு கேட்கிற மனுஷன்.

அந்த ஞாயிற்றுக்குக் குறித்திருந்த பாடம், எதிரி பசித்திருந்தால் அவனுக்குச் சாப்பாடு கொடு என்பது. அவரும் வாசித்துவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. காட்டிலிருப்பவனுக்கு ஒரு பிடி சோறு கொடுத்தாலும் சிறை என்று எஸ்டேட் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்த காலம்.

பயந்ததுபோலவே ஆனது. இரண்டொரு நாளில், பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போன பஞ்சாலை என்ற பெண் கேட்டில் பிடிபட்டாள். வாளிக்கு அடியில் சோற்றுப் பொட்டலம். இன்ஸ்பெக்டர் என் கணவரை அழைத்து வரச் சொன்னார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

பஞ்சாலை எதையும் மறைக்கவில்லை. "எங்கண்ணனைச் சுட்டவங்கதாங்க. பசியோட மரத்துக்குப் பின்னால நின்னாங்க. எதிராளிக்குச் சோறு குடுன்னு ஐயா கோயில்ல வாசிச்சாரே" என்றாள்.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "மிஸ்டர் சீவரத்தினம், இது உங்க உபதேசமா?"

ஆம் என்றால் அவரும் போலீஸ் லாரியில் ஏறவேண்டியதுதான். கர்த்தரே, இந்த மனுஷன் ஒரு தரம் பொய் சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவருக்குப் பொய்யே தேவைப்படவில்லை.

"இல்லை, சேர். அது போன ஞாயிற்றுப் பாடம். அதிகாரத்துக்குக் கீழ்ப்படி எண்டு வாற ஞாயிற்றுப் பாடம் சொல்லுது. சபை இரண்டையும் சேர்த்துத்தான் விளங்கிக்கொள்ளும். இந்தப் பெண் ஒன்றை மட்டும் பிடிச்சுக்கொண்டு, தன்ர பாட்டுக்கு அர்த்தம் எடுத்திட்டுது."

சொன்னது அத்தனையும் சரி. அதனால்தான் எனக்குப் பஞ்சாலையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அடுத்த வாரம் வரைக்கும் பொறுன்னு அன்னிக்குச் சொல்லலியே, ஐயா" என்றாள் பஞ்சாலை. அவளை ஏற்றிக்கொண்டு லாரி போனது. எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

அன்று அவர் சாப்பிடவில்லை. "நான் பிழையாச் சொன்னேனா, திலகம்?" என்று கேட்டார்.

"வாயை மூடுங்கோ. உயிரோட இருக்கிறீங்கள்" என்றேன்.

அடுத்த ஞாயிறு, கோயில் வாசலில் துப்பாக்கியோடு இரண்டு போலீஸ்காரர்கள். குறித்த பாடத்தை அவர் வாசித்தார். பிறகு எல்லாரும் எழுந்து நின்றோம். விசுவாசப் பிரமாணத்தை வழக்கம்போல அவர் தொடங்க, நாங்கள் கூடச் சொன்னோம். இயேசுவைச் சாகக் கொடுத்துவிட்டு, எனக்கு இதில் பங்கில்லை என்று கையைக் கழுவிக்கொண்ட அந்தத் தேசாதிபதியின் பெயர் வருகிற இடத்தில் அவர் வாய் நின்றுவிட்டது. எங்கள் வாயும் நின்றது. போலீஸ்காரர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். சொல்லித் தொலையுங்கோ என்று எனக்குள் கதறினேன்.

முன் வரிசையில் பஞ்சாலையின் புருஷன் வீரமுத்து கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். "பொந்தியு பிலாத்து" என்று அவன்தான் எடுத்துக் கொடுத்தான், என் கணவரின் முகத்தைப் பார்த்தபடியே.