வராதவர்களுக்கு ஒரு செபம்

தன் புருஷன் செத்துப்போன செய்தி சவுந்தரத்துக்கு மீன் கடையில்தான் தெரிந்தது.

நவம்பர் மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த காலை. சௌராஸ்தா பாசாரின் ஈரத் தரையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கெம்போங் மீனின் செவுளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைப் பிடித்துத் திருப்பியது. எஸ்தாக்கியம்மாள். அவளுடைய மகளும் சவுந்தரத்தின் மகள் ஆலிஸும் கன்னியர் பள்ளியில் ஒரே வகுப்பு.

“இவ்வளவு பெரிய துக்கத்தை வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு வாயே திறக்கலியே நீ. நாங்க என்ன அந்நியமா லா?”

“என்ன துக்கம்க்கா?”

“இன்னும் மறைக்கிறா பாரு. ஆத்துமாக்கள் செபத்துல ஆலிஸ் எழுந்திரிச்சு அவ அப்பா பேரைச் சொல்றாளாம். வகுப்பே பதில் சொல்லுதாம். என் மக வந்து சொன்னப்ப நான் நம்பல. கொய்யாப்பழத்தைத் தின்னுட்டுப் புது நன்மையைக் கோட்டை விட்ட கழுதைதானே, அது சொல்றதை எப்படி நம்புறது? நேத்து சிஸ்டரையே கேட்டுட்டேன். ஆமான்னுட்டாங்க.” எஸ்தாக்கியம்மாளின் குரல் தாழ்ந்தது. “கப்பல்லயா? காய்ச்சலா?”

சவுந்தரம் மீனைத் திரும்ப வைத்தாள். அவர் சாகவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியென்றால் எங்கே இருக்கிறார் என்பதாக இருக்கும். அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த மௌனத்தை எஸ்தாக்கியம்மாள் தனக்குத் தெரிந்த மாதிரி எடுத்துக்கொண்டாள். அவள் கண் சவுந்தரத்தின் கழுத்துத் தாலிக்குப் போய், அங்கே கொஞ்சம் நின்று, இறங்கியது.

“கழட்ட மனசு வராதுதான்” என்றாள். “ஆனா வர்ற வெள்ளிக்கிழமை எல்லாரும் பள்ளிக்கூடத்துல இருப்போம். பாத்துக்க.”

மீன் வாங்காமலே சவுந்தரம் தன் வீடிருந்த ஜெலுத்தோங்குக்கு டிராம் ஏறினாள்.

அந்தப் பள்ளியில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பக்தி உண்டு. மே மாதம் மாதாவுக்கு. பிள்ளைகள் வீட்டிலிருந்து பூ கொண்டுபோக வேண்டும். ஜூன் திருஇருதயத்துக்கு. அக்டோபரில் செபமாலை வீடு வீடாக வரும். எந்த மாதமானாலும் முதல் வெள்ளிக்கிழமை பிள்ளைகள் தண்ணீர்கூடக் குடிக்காமல் பூசைக்குப் போய் நன்மை என்னும் திவ்விய அப்பத்தை வாங்கிவிட்டு வருவார்கள்; முதல் தடவை வாங்குவது புது நன்மை. அவர்களுக்கு ரொட்டியும் காப்பியும் கொடுப்பது பெற்றோரின் பொறுப்பு. குடும்பங்கள் முறை வைத்துச் செய்வார்கள். காப்பித் தவலையைத் தூக்கிக்கொண்டு வருவது தகப்பன்மாரின் வேலை. சவுந்தரத்தின் முறை வரும்போது மட்டும் அவளே ஒரு பக்கமும் ஆலிஸ் ஒரு பக்கமுமாகப் பிடித்துத் தூக்கி வருவார்கள். “அவர் கப்பல்ல இருக்காரு” என்பாள் சவுந்தரம், யாரும் கேட்பதற்கு முன்பே.

நவம்பர் இறந்தவர்களின் மாதம். வகுப்பிலுள்ள சின்னப் பீடத்துக்குக் கறுப்புத் துணி போர்த்துவார்கள். காலையில் பாடம் தொடங்குமுன் ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து தன் வீட்டில் இறந்தவரின் பெயரைச் சொல்லும். ‘நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும் சுவாமீ’ என்று மற்றவர்கள் சொல்வார்கள். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை வீட்டாரும் வருவார்கள். பிள்ளை பெயரைச் சொல்லத் தாய் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். மறுநாள் காலை அந்தப் பெயர்களுக்காகச் சாமியார் பூசை வைப்பார்.

ஆலிஸுக்குச் சவுந்தரம் சொல்லிக் கொடுத்து அனுப்பியது தாத்தா சவரிமுத்துவின் பெயரை.

வீட்டுக்கு வந்து தையலை எடுத்து உட்கார்ந்தாள். துணிக்கடைக்குக் கொடுக்க வேண்டிய பாவாடைகள் மடியில் கிடந்தன. ஊசி போன இடத்திலேயே போய்க்கொண்டிருந்தது. எதிரே ஆணியில் புருஷன் வேதநாயகத்தின் குடை தொங்கியது. எவ்வளவு மழையானாலும் அவள் அதை எடுத்ததில்லை. வருகிறவர் நனையாமல் வரவேண்டும் என்றால் குடை அவரிடமல்லவா இருக்க வேண்டும் என்று சில நாள் தோன்றும். ஆனாலும் அது அங்கேயே இருந்தது. அது தொங்கும் வரை வீடு அவருடையது.

பர்மாவுக்குப் போகிற கப்பலில் வேலை என்று சொல்லிவிட்டுப் போனவர். அடுத்த மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு ருக்கையா வந்து உட்கார்ந்து, வெகுநேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள். அவளுடைய தம்பி அக்கரையில் பிறை என்ற ஊரில் ரயில் படகுத்துறைக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தான். “உன் வூட்டுக்காரரு எந்தக் கப்பல்லயும் இல்லம்மா. என் தம்பி கடையிலதான் சாப்பிடுறாரு. கூட ஒருத்தி. கைப்பிள்ளை ஒண்ணு.” ஜெலுத்தோங் கரையில் நின்றால் கடலுக்கு அந்தப் பக்கம் பிறையின் புகை தெரியும். அன்றிலிருந்து சவுந்தரம் கரைப்பக்கம் போவதில்லை. ஆனால் கப்பல் கதையை விடவுமில்லை. பிள்ளைக்கு அதையே சொன்னாள். சொல்லச் சொல்லச் சில ராத்திரிகளில் தானே நம்பினாள்.

இரண்டு நாள் அவள் ஆலிஸிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் தமிழ் வாத்தியாரம்மா ரோசரி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

“மதர் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. நாளைக்கு நீங்க மெழுகுவர்த்தி கொண்டுவருவீங்கதானே? பேரைப் பூசையில சேர்க்கணும்.” கொஞ்சம் தயங்கினாள். “ஆலிஸ் ரொம்பப் பக்தியா இருக்கா. வர்ற மாசம் அமலோற்பவ மாதா திருநாளுக்குப் புது நன்மை வாங்குற பிள்ளைங்கள்ல அவதான் முதல் வரிசை. எஸ்தாக்கியம்மா மக ஒத்திகை அன்னிக்குச் சும்மா கொய்யா கடிச்சதுக்கே மதர் அடுத்த வருஷம்னு தள்ளிட்டாங்க. தின்னதுக்கு இல்ல, தின்னலன்னு பொய் சொன்னதுக்கு. ஆலிஸ் அப்படியெல்லாம் இல்ல.”

“இல்ல” என்றாள் சவுந்தரம்.

வாத்தியாரம்மா போன பிறகு சவுந்தரம் கதவைச் சாத்தினாள். விளக்கடியில் ஆலிஸ் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

“தாத்தா பேரைத்தானே உன்னைச் சொல்லச் சொன்னேன்?”

“தாத்தா பேரையும் சொன்னேன்.”

கூரையில் மழை தொடங்கியது. சவுந்தரம் எழுந்து ஒழுகுகிற இடத்தில் ஒரு சட்டியை வைத்துவிட்டு வந்தாள்.

“அப்பா சாகலடி.”

“தெரியும்.”

சவுந்தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளையின் முகத்தில் பயமில்லை. பெரியவர்கள் முகத்தில் வரும் ஒரு களைப்பு இருந்தது.

“ருக்கையா மாமி தம்பி வூட்டு விருந்துக்கு என்னைப் பிறைக்குக் கூட்டிட்டுப் போனாங்கல்ல. அங்க பார்த்தேன். தோள்ல ஒரு பாப்பா வெச்சிருந்தாரு. அவரும் என்னைப் பார்த்தாரு. நான் அப்பான்னு கூப்பிட்டேன். பாப்பாவை அடுத்த தோளுக்கு மாத்திக்கிட்டுத் திரும்பிப் போயிட்டாரு.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீயும் எங்கிட்ட சொல்லலியே.”

சவுந்தரத்துக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றுதான் இருந்தது.

“உயிரோட இருக்கிறவரைப் போய், செத்தவங்களோட ஏண்டி சேர்த்தே?”

“தினமும் எல்லாரும் அவங்கவங்க வூட்டுல வராதவங்க பேரைச் சொல்றாங்க. எனக்கும் ஒருத்தர் வரலையே.” ஆலிஸ் சிலேட்டைக் கீழே வைத்தாள். “வராதவங்களுக்கு வேற செபம் எங்களுக்குச் சொல்லிக் குடுக்கலம்மா.”

மகளை அடிக்க வேண்டும் என்று சவுந்தரத்துக்குத் தோன்றியது. கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் அடுப்படிக்குப் போய் நின்றாள். நாளைக்கு மதரிடம் உண்மையைச் சொன்னால், ஒரு மாதம் பூராவும் செபத்திலேயே பொய் சொன்ன பிள்ளை என்று ஆலிஸை ஊரே பார்க்கும். எஸ்தாக்கியம்மாள் மகளுடையதைப் போல, புது நன்மைக்கு வைத்திருக்கும் வெள்ளை முக்காடும் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். சொல்லாவிட்டால் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டால் அவர் வந்து நிற்க இந்த ஊரில் வாசலில்லை.

“பாவசங்கீர்த்தனத்துல இதைச் சொல்லிடு” என்றாள் திரும்பாமலே. “சாமியார் வெளிய சொல்லமாட்டாரு. மன்னிப்புக் குடுப்பாரு. அதோட நீ இதை விட்டுடு.”

“நாளைக்கு?”

சவுந்தரம் அடுப்புச் சாம்பலைக் கிளறினாள். அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கொட்டுகிற மழை. வாசல் வரை வந்த சவுந்தரம் திரும்பிப் போய், ஆணியிலிருந்து குடையை எடுத்தாள். விரித்தபோது அதற்குள்ளிருந்து செத்த பூச்சிகள் உதிர்ந்தன. அதன் கீழே தாயும் மகளும் ஒட்டிக்கொண்டு நடந்தார்கள்.

வகுப்பறையில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். தாய்மார்கள் ஒரு பக்கம், தகப்பன்மார் மறுபக்கம். நனைந்த துணியின் வாடையும் மெழுகின் வாடையும். மதர் பீடத்தின் பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு பிள்ளையாக முன்னால் போனது. எஸ்தாக்கியம்மாள் தன் மாமியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, “உசிரோட இருந்தப்ப என் கையால ஒரு வாய்த் தண்ணி குடிக்கல, இப்ப என் கையால விளக்கு” என்று முணுமுணுத்தாள். பக்கத்திலிருந்தவள் முக்காட்டுக்குள் சிரித்தாள்.

“ஆலிஸ்.”

பிள்ளை முன்னால் போய் நின்றாள். சவுந்தரமும் போனாள். கையிலிருந்த மெழுகுவர்த்தி வியர்வையில் வழுக்கியது.

“சவரிமுத்து” என்றாள் ஆலிஸ். பதில் வந்தது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மதர் காத்திருந்தார். மெல்லத் தலையசைத்து, சொல் என்றார். ஆலிஸின் கண் தாயின் முகத்துக்கு வந்தது.

இந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வந்த நாள் சவுந்தரத்துக்கு ஞாபகம் வந்தது. தகப்பன் பெயர் என்ன என்று இதே மதர் கேட்டார். புருஷன் பெயரை எந்தப் பெண் சொல்வாள்? அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மதருக்கு எரிச்சல் வந்தது. கடைசியில் இடுப்பளவு இருந்த ஆலிஸ்தான் கணீரென்று சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயர் சவுந்தரத்தின் நாவில் வந்ததில்லை. கோபத்திலும் வந்ததில்லை, தனியாக அழுதபோதும் வந்ததில்லை.

“வேதநாயகம்” என்றாள் சவுந்தரம்.

தாய்மார் வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள் என்றால் ஐயத்துக்கு இடமேது? எஸ்தாக்கியம்மாள் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும் சுவாமீ” என்றது வகுப்பு.

சவுந்தரம் மெழுகுவர்த்தியை ஏற்றினாள். வெளியே வந்ததும், குடைக்குள் வைத்துக்கொண்டு ஆலிஸிடம் சொன்னாள்: “இனிமே அது நான் சொன்னது. நீ சொன்னதில்ல.”

அன்று மாலை, யாரும் வந்து கழற்றுவதற்கு முன், தாலியைத் தானே கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டாள். மறுநாள் காலை, ஜெலுத்தோங் கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு மனிதருடைய ஆத்துமாவுக்காகப் பூசை நடந்தது.

அமலோற்பவ மாதா திருநாளன்று வெயில் அடித்தது. வெள்ளை உடையில் பிள்ளைகள் நன்மை வாங்கப் பீடத்தின் முன்னுள்ள கிராதிக்குப் போனார்கள். பின்னாலேயே தாய்மார்கள் போனார்கள்; புது நன்மை அன்று பிள்ளையோடு தாயும் சேர்ந்து நன்மை வாங்குவது அந்தப் பள்ளியின் வழக்கம். சவுந்தரம் தன் இடத்திலேயே முழங்காலில் இருந்தாள். சொன்ன பொய்யைத் திரும்ப எடுத்துக்கொள்ள மனமில்லாதவளுக்கு எந்தச் சாமியார் மன்னிப்புக் கொடுப்பார்? அதனால் அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை; அந்த மன்னிப்பில்லாமல் நன்மை வாங்கக் கூடாது. இனி எப்போது போவது என்றும் தெரியவில்லை. பெண்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். வரிசை நீளமாக இருந்தது.

பள்ளி முற்றத்தில் ரொட்டியும் காப்பியும் கொடுத்தார்கள். எஸ்தாக்கியம்மாள் தவலைப் பக்கத்தில் நின்றுகொண்டே கேட்டாள்: “ஏன் லா, நீ போகலியா? பிள்ளை தனியா நின்னுச்சே.”

“ஞாபகமில்லாம காலையில தண்ணி குடிச்சிட்டேன்க்கா.”

“என் மகளுக்குக் கொய்யா, உனக்குத் தண்ணி! இருக்கிற துக்கத்துல புத்தி எங்க நிக்கும்?” என்று அவள் காப்பி ஊற்றப் போய்விட்டாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆலிஸ் இதைக் கேட்டாள். காலையில் ஒரே பாயிலிருந்து எழுந்தவர்கள் அவர்கள். குடத்தை யாரும் தொடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அம்மா நேற்று ராத்திரியிலிருந்தே எதுவும் சாப்பிடவில்லை என்பதும் தெரியும். அவள் தன் கோப்பையைத் தாயின் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

சவுந்தரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காப்பியின் மேல் ஆடை படியும் வரை கையை நீட்டவில்லை.

“குடிம்மா” என்றாள் ஆலிஸ்.