ராக்கம்மாவின் ஒப்பாரிப் புகார்

1999-இல் மலேசியாவில் லாபு பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு ஓர் இணையப் பக்கம் இருந்தது. நடத்தியவன் நான்தான், ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி தேவதாஸ். மேனேஜர் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு, தோட்டத்துச் செய்தியெல்லாம் இதில் ஏற்று என்றார். இருக்கிற வேலை போதாதா என்று அவர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தின் அடியில், 'இங்குள்ளது உங்கள் படைப்பென்றால் எழுத்து மூலம் புகார் செய்யவும், ஏழு நாளில் முடிவு சொல்லப்படும்' என்று ஓர் அறிவிப்பு. அதையும் வேறொருவர் பக்கத்திலிருந்துதான் எடுத்து ஒட்டியிருந்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதைதான்.

ராக்கம்மா வந்தாள். ரப்பர் பாலுக்காக மரத்துப் பட்டையை வெட்டுகிறவள், வாய் கொஞ்சம் நீளம். மகள் பிரசவத்துக்கு ரஹாங் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு முதல்நாள்தான் திரும்பியிருந்தாள். கூட வந்த புருஷன் திருநாவுக்கரசு வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"கிராணி, என் பாட்டத் திருடிக் கம்ப்யூட்டர்ல போட்டிருக்கீங்களாமே. மருமவன் ஆபீஸ்ல பாத்து எடுத்தாந்து படிச்சிக் காட்டுனாரு."

போன மாதம் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் இறந்தபோது அவர் மனைவி முத்தாயி பாடிய ஒப்பாரியைச் சொல்கிறாள். சாவு வீட்டில் அத்தனை பேரும் அழுதார்கள், நானும் அழுதேன். பிறகு முத்தாயியிடமே கேட்டுத் தட்டெழுதி, அவள் பெயரோடு போட்டிருந்தேன்.

"அது முத்தாயி பாடினதும்மா."

"கட்டுனது நானு. பத்து வருசமா மரம் வெட்டிக்கிட்டே கட்டுனேன். பக்கத்து மர நெரையில அவ. காதுல வாங்கி வெச்சிக்கிட்டு அவ ஆளுக்குப் பாடிட்டா."

"நீங்க யாருக்குக் கட்டினீங்க?"

வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இந்தாளுக்குத்தான்."

வெளியே திருநாவுக்கரசு குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"உசுரோட இருக்கிற மனுசனுக்கா?"

"செத்தப்புறம் கட்ட ஏது கிராணி நேரம்? எடுக்கிற அவசரத்துல வாயில வந்தத வெச்சி அழுதா நாலு பேரு சிரிப்பாங்க. என் புருசனுக்குன்னு ஒரு பாட்டு வேணும். அடுத்தவன் சாவுக்கு ஆனத நான் எப்படிப் பாடுறது? அழிச்சிடுங்க லா."

எழுத்து மூலம் என்று போட்டுத் தொலைத்திருந்தேனே. அவள் சொல்லச் சொல்ல, என் மேலான புகாரை என் கையாலேயே எழுதினேன்.

முத்தாயியைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தவள் பிடிகொடுக்கவில்லை. "காட்டுல கேட்டதுக்கு யாரு சொந்தக்காரி? பொம்பளைங்க எல்லாரும் அழுவுற அழுகதான்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "சரி ராக்கம்மா, முத்தாயி பாடாத வரி ஏதாவது இருந்தா சொல்லுங்க. பார்ப்போம்."

மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் ஒப்பாரியை மெதுவாகப் பாட யாரால் முடியும்? நாலு வரிக்குள் ஆபீஸ் கூரை அதிர்ந்தது.

"காச்சல்ல நான் கெடக்க என் நெரையும் வெட்டுனீங்க,
கண்டவங்க கேட்டப்போ இல்லையின்னு சொன்னீங்க..."

முத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். "இது எனக்குத் தெரியாது. ஒன் பாட்டுதான்க்கா. அன்னைக்கி எனக்கு ஒண்ணுமே வரல. வாயத் தொறந்தேன், ஒன்னோடதுதான் வந்துச்சி."

பாவமாக இருந்தது. ஆனாலும் அறிவிப்பு அறிவிப்புதானே. அழிக்கப் போனேன்.

"கொஞ்சம் நில்லுங்க கிராணி."

திருநாவுக்கரசு உள்ளே வந்து நின்றார். மண்ணாங்கட்டி, தண்டச்சோறு என்பதைத் தவிர ராக்கம்மா அவரை வேறு எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது.

"யாருக்கு இந்தப் பாட்டு?"

"ஒனக்குத்தான்யா. சாவுறதுக்கு எனக்கு வேற யாரு இருக்கா?"

"ஒன் நெரைய நான் வெட்டுனது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாம? ஒன் வெட்டு கோணல். பட்டையப் பாத்தாலே தெரியும்."

அவர் சிரித்துவிட்டார். அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஓவென்று அழ ஆரம்பித்தாள். "எல்லாத்தையும் இப்பவே கேட்டுட்டியே. அன்னைக்கி நான் என்னத்தப் பாடுவேன்?"

"அன்னைக்கி எனக்குக் கேக்காதே ராக்கு. இப்பவே பாடிடு."

நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ராக்கம்மா மூக்கைச் சிந்திவிட்டு, மூலையில் நின்ற முத்தாயியைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அழிக்க வேணாம் கிராணி. அது அவ புருசனுக்கே இருக்கட்டும். இந்தக் காச்சல் வரிய மட்டும் ஏத்திடாதீங்க. அது எங்க வீட்டுக்கு."