சும்மா கிடந்த சுரப்பி

...அப்படியென்றால் நான் நினைத்தது சரிதான், டாக்டர் பெர்மெட்டுக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல இருந்தது, ஐம்பத்திரண்டு வயதில் குதித்தால் வார்டே சிரிக்கும், ரத்தப் பரிசோதனைத் தாளை மறுபடி பார்த்தாள், தைராய்டு தானாக அதிகம் சுரந்தால் ரத்தத்தில் கூடவே ஒரு புரதமும் கசிய வேண்டும், வார்டில் படுத்திருக்கும் இளம்பெண் அசில்கானுக்கு அது துளிகூட இல்லை, ஹார்மோன் மட்டும் எக்கச்சக்கம், ஆக சுரப்பி சும்மா கிடக்கிறது, பெண் தைராய்டு மாத்திரை விழுங்குகிறாள்... அப்பாடா! வியாழக்கிழமை அந்தச் சுரப்பியையே அறுத்து எறிந்திருப்பார்களே! "உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?" என்று கிண்டலடித்த சர்ஜன் தெமிர்பெக் இனி வாயை மூடிக்கொள்வார். ஆனால் சந்தேகம் பிறந்தது தேநீரில் அல்லவா? மருமகள் இருக்க மாமியார் தேநீர் ஊற்றி இந்த நாரின் மலைநாட்டுப் பக்கம் யார் பார்த்தது, பெர்மெட்டே பதினெட்டு வருடம், காய்ச்சலிலும்கூட, எல்லோருக்கும் முன்னால் எழுந்து ஊற்றியவள்... இங்கே மாமியார் புருலாய், பெரிய விருந்தாளிக்கு ஊற்றுவதுபோல் பாதிப் பாதிக் கிண்ணமாக ஊற்ற, தலையணையில் சாய்ந்திருந்த அசில்கான் முகத்தில் அப்படியொரு நிம்மதி. நெஞ்சு படபடக்கும் நோயாளிக்கு அவ்வளவு நிம்மதி வருமா?

மாமியாரை வெளியே அனுப்பிவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தாள், ஏனோ திட்ட மனசு வரவில்லை. "ஏம்மா, யாரு மாத்திரை?" "அத்தையோடது அக்கா, அவங்களுக்குத் தைராய்டு கம்மி... தினம் ஆறேழு. அவங்ககிட்ட சொல்லிடாதீங்க, செத்துடுவேன்." "கழுத்தை அறுத்திருப்பாங்களே, பைத்தியமே!" "அறுத்தா இன்னும் ஒரு மாசம் படுத்திருக்கலாமே." அட பாவி மகளே... சொல்லமாட்டேன், மாத்திரையை நிறுத்து, மனநல டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள், இந்த மாமியார் பெண்ணை எப்படிப் பிழிந்தெடுத்திருக்கிறாள் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டே வெளியே வந்தாள்.

"ஆபரேஷன் வேண்டாம்மா, குணமாயிடும்" என்றதும் புருலாய் நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டாள், ஆனால் முகம் உடனே வாடிவிட்டது. "அப்ப சீக்கிரமே அனுப்பிடுவீங்களா டாக்டரம்மா? வீட்டுக்குப் போனா அவ அடுப்புகிட்ட, நான் ஆடுங்ககிட்ட. இங்கதான் ரெண்டு பேரும் கதை பேசிச் சிரிக்கிறோம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "என் மாத்திரை சீக்கிரம் சீக்கிரம் தீந்துபோகுது... நானும் ஏன்னு கேக்காம வாங்கி வாங்கி அதே இடத்துல வெக்கிறேன்." பெர்மெட் பதில் சொல்ல வாயெடுத்தாள், உள்ளே கொடுத்த வாக்கு நாக்கைப் பிடித்தது... அப்படியானால், யாரிடம் எதை மறைக்கப்போகிறேன் நான்?