சிவப்பு மையில் எழுதிய விதி

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிரவின்ராஜ் சாலை பஜாரிலிருந்து பாதி வேலையில் திரும்பி வந்து, வாசலிலேயே வாந்தி எடுத்தான். அரிசி மூட்டை இறக்குகிற உடம்பு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது.

தங்கை ஷிஜா அன்றைக்கு மாலை வகுப்புக்குப் போகவில்லை. அண்ணனுக்குப் பதினைந்து வயதிலிருந்தே சர்க்கரை. தினமும் இன்சுலின் ஊசி. அதற்கென்று அவள் ஒரு நோட்டு வைத்திருந்தாள். தேதி, நேரம், சாப்பாடு, சர்க்கரை அளவு, ஊசி என்று கோடு போட்ட கட்டங்கள். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரே விதி: ‘சாப்பிடாமல் ஊசி போடக் கூடாது.’ போன வருஷம் ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனவன், சர்க்கரை இறங்கி ஆரியசாலை நடுத்தெருவில் விழுந்த அன்று எழுதியது.

“கஞ்சி வெக்கட்டாண்ணே?”

“வேண்டாம்ட்டி. தண்ணி கொண்டா.”

“இப்பத்தான ஒரு செம்பு குடிச்ச?”

“கெணத்தயே கொண்டா. அதயும் நோட்டுல எழுதிக்க.”

சிரித்துவிட்டு எழுதினாள். சாப்பாடு: இல்லை. ஊசி: இல்லை. ராத்திரிக்கும் அதுதான். புதன் காலைக்கும் அதுதான்.

சந்தேகம் வராமல் இல்லை. முதல் நாள் 284 காட்டிய மீட்டர், காலையில் எண்ணுக்குப் பதிலாக இரண்டு இங்கிலீஷ் எழுத்துகளைக் காட்டியது. பேட்டரி மாற்றினாள். அதே எழுத்துகள். மெஷின் போய்விட்டது என்று அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டாள்.

மத்தியானம் அறைக்குள் கனிந்து அழுகிய பழ வாசனை. அலமாரியிலிருந்த பாளையங்கோடன் வாழைப்பழங்களை வெளியே போட்டாள். வாசனை போகவில்லை. குனிந்தபோதுதான் தெரிந்தது, அது அவன் மூச்சு. படுத்தே கிடந்தவன், மாடி ஏறி வந்தவன்போல ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, எந்திரி!”

கண்ணைத் திறந்தான். “லாரி வந்தாச்சா?” என்று கேட்டு மறுபடி மூடிக்கொண்டான்.

ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

“இன்சுலின் எப்ப நிறுத்தினது, மோளே?” என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார் டாக்டர்.

நோட்டை நீட்டினாள். அவர் வெறும் கட்டத்தில் விரலை வைத்தார். “மெஷினுக்கு ஒண்ணும் இல்ல. அளக்க முடியாத அளவு கூடினா இப்படித்தான் காட்டும். சாப்பிடலேன்னாலும் இன்சுலினை முழுசா நிறுத்தக் கூடாது, கேட்டோ. அது இல்லேன்னா உடம்பு கொழுப்பை எரிக்கும், ரத்தத்துல அமிலம் ஏறும். அந்த வாசனை அதுதான். யார் சொன்னது நிறுத்தச் சொல்லி?”

ஷிஜா முதல் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். அவர் படித்தார். நோட்டைக் கேஸ் ஷீட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அதன்பிறகு மணிக்கொரு தரம் நர்ஸ் கதவைத் திறந்து எண்ணைச் சொன்னாள். அறுநூற்றுப் பன்னிரண்டு. அப்புறம் ஐநூற்று நாற்பத்தெட்டு.

“குறையுதுல்ல, சிஸ்டர்?”

“சுகர் குறையுது மோளே. ஆளு கூப்பிட்டா இன்னும் கண்ணு திறக்கலை.”

கதவு மூடிக்கொண்டது. எழுத அவள் கையில் நோட்டு இல்லை. மறந்துவிடக் கூடாதென்று, ஐநூற்று நாற்பத்தெட்டு, ஐநூற்று நாற்பத்தெட்டு என்று அடுத்த மணிவரை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு நின்றாள்.