வெறுந்தராசு

தங்கேஸ்வரி தண்ணீர் குடிப்பது குசினிக் கதவைச் சாத்திக்கொண்டுதான். அண்ணாந்து ஊற்றினால் தொண்டைச் சத்தம் வெளியே கேட்கும் என்று, கோப்பையில் வாய்வைத்து, அடுப்புச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று குடிப்பாள்.

இரத்தோட்டை என்ற மலையூரில் அவர்களுடைய வீட்டின் முன்பக்கம்தான் கடை. அங்கே மிளகுச் சாக்குகளுக்கும் கராம்புச் சாக்குகளுக்கும் நடுவே அவளுடைய கணவர் உருத்திரமூர்த்தி சாய்வு நாற்காலியில் கிடந்தார். இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோனவர். சிறுநீரகம் இயங்காத உடம்பில் குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லை. முதலில் காலில் தேங்கும், பிறகு நுரையீரலில் ஏறி மூச்சை அடைக்கும். கிழமைக்கு இரண்டு தடவை கண்டிக்குப் போய் இயந்திரத்தில் இரத்தம் சுத்தப்படுத்திக்கொள்ளும் அவருக்கு, நாளெல்லாம் சேர்த்து இரண்டு கோப்பைத் தண்ணீர்தான். அவளுக்கோ பசி அடங்க நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் அந்தக் கதவு.

அவள் மெலிய வேண்டியிருந்தது. அவளுடைய சிறுநீரகம் ஒன்றை எடுத்து அவருக்கு வைப்பதாக ஏற்பாடு. இரத்தம் பொருந்திவிட்டது. மற்றச் சோதனைகளும் பொருந்தின. எடைதான் பொருந்தவில்லை.

"எழுபது கிலோவுக்கு வாங்க," என்றார் கண்டி டொக்டர். "இந்த உடம்போட வெட்டினா உங்களுக்கு ஆபத்து. ஒரு நோயாளியக் காப்பாத்த இன்னொரு நோயாளிய உண்டாக்க மாட்டேன்."

அன்று ஆஸ்பத்திரித் தராசில் அவள் எழுபத்தொன்பது. இரண்டாயிரத்தேழாம் ஆண்டு மாசி மாதம் அது.

வீட்டுக்கு வந்த அன்றே சோற்றை நிறுத்தினாள். அவித்த பயறு, வல்லாரைச் சம்பல், பாலும் சீனியும் போடாத பிளேன்டி. மூன்றாம் நாள் காலை கடைத் தராசில் ஏறினாள்.

அது பலகைத் தராசு. பலகைக்கு அடியில் இருக்கும் நெம்புகோல்கள் மேலே நிற்கும் பாரத்தைப் பங்கு பங்காகக் குறைத்து, ஒரு கம்பி வழியாக மேலே உள்ள கோலுக்கு அனுப்பும். கோலில் ஒரு குண்டு ஓடும். அதை நகர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் கோல் மேலும் கீழும் சாயாமல் மிதக்கும். குண்டு நிற்கும் இடத்தில் உள்ள எண்தான் எடை. ஒரு சாக்கு மிளகை உள்ளங்கைக்குள் அடங்கும் குண்டு சமாளித்து நிற்பதைப் பார்க்க யாருக்கும் அலுக்காது. கோலின் நுனியில் பித்தளைத் திருகாணி ஒன்றும் உண்டு. பலகை வெறுமையாக, குண்டு பூச்சியத்தில் இருக்கும்போதும் கோல் மிதக்க வேண்டும். மிதக்காவிட்டால் அந்தத் திருகாணியைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம்.

உருத்திரமூர்த்தி குண்டை நகர்த்தினார். எழுபத்தாறில் கோல் மிதந்தது.

"என்னங்க! மூணு நாளில மூணு கிலோ!" அவள் பலகையில் நின்றபடியே சிரித்தாள்.

அவர் கோலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பார்த்து, காத்தில பறந்துறப்போறே," என்றார்.

பக்கத்து வீட்டு மஸீனா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "அல்லாவே, அப்ப நானும் வாறேன் தங்கேஸ் அக்கா. எனக்கும் ஒரு மூட்டை குறையணும்."

இருவரும் விடியுமுன் ரோட்டில் ஏறி, மலைப்பக்கத்து மதகுவரை நடந்தார்கள். ஒரு நாள் ஆமிக்காரன் ஒருவன் டோர்ச் அடித்து மறித்தான். இருட்டில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு மஸீனா சிங்களத்தில், "மெலியப் போறோம் மாத்தயா," என்றாள். அவன் வெளிச்சத்தைத் தலையிலிருந்து கால்வரை இறக்கி, "அப்ப இன்னும் தூரம் நடக்கணும்," என்றான். மதகுவரைக்கும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

தொடக்கத்தில் எடை மளமளவென்று இறங்கும். சோற்றிலிருந்து கிடைக்கும் சர்க்கரையில் கொஞ்சத்தை உடம்பு ஈரலிலும் தசையிலும் தண்ணீரோடு சேர்த்துத்தான் பதுக்கி வைக்கிறது. சோற்றை நிறுத்தினால் அந்தச் சர்க்கரை செலவாகும், கூடவே தண்ணீரும் போகும். கொழுப்பு மெதுவாகத்தான் கரையும். தங்கேஸ்வரிக்கு இது தெரியாது. கரைவதெல்லாம் கொழுப்பு என்றே நினைத்தாள்.

வைகாசியில் ஆமியின் சுற்றிவளைப்புத் தொடங்கியது. "எங்க வீட்டுக்காரர் வேணாங்கிறார் அக்கா," என்றாள் மஸீனா. "இருட்டில நடக்கிற பொம்பளைகளுக்காக ஆமிக்கு யார் பதில் சொல்றதுன்னு கத்துறார்." அதன்பின் தங்கேஸ்வரி வெளிச்சம் வந்த பிறகு தனியாக நடந்தாள். மழை வந்தது. சில நாட்கள் நடக்கவில்லை.

எடை எழுபத்து மூன்றில் நின்றுவிட்டது.

உடம்புக்குக் கண்டியும் தெரியாது, ஒப்பரேஷனும் தெரியாது. பஞ்சம் வந்துவிட்டது என்றே அது எடுத்துக்கொள்கிறது. அடுப்பைத் தணிப்பதுபோல் தன் சூட்டைத் தணிக்கிறது. விரல்கள் சில்லிட்டன. எழுந்து நடக்கவே மனம் வரவில்லை. மாசியில் அவளை இளைக்க வைத்த அதே பயறு, ஆவணியில் அவளை இருந்த இடத்திலேயே வைத்திருந்தது.

அவருக்கான சாப்பாடு வேறு. உருளைக்கிழங்கைச் சிறிதாக வெட்டி அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பவும் அவிக்க வேண்டும். கிழங்கில் இருக்கும் பொட்டாசியம் என்ற உப்பு அவருடைய இரத்தத்தில் தேங்கினால் இதயம் நின்றுவிடும். வாசனை போன அந்தக் கிழங்கைத் தாளிக்கும்போதெல்லாம் அவளுக்கு வாயூறும்.

உயிரைக் காப்பாற்றச் செய்கிற காரியம் அலுக்காது என்று நம்பியிருந்தாள். அலுத்தது. ஒரு மத்தியானம் கித்துள் கருப்பட்டியை எடுத்து, நின்றபடியே கடித்துக் கடித்து முழுவதையும் தின்றாள். பிறகு விரலை விட்டு வாந்தி எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. 'இவர் போய்ச் சேர்ந்தால் நான் சோறு சாப்பிடலாம்' என்று ஒரு நினைப்பு வந்தது. அது தன் நினைப்புத்தான் என்று தெரிந்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் இரவுச் சாப்பாட்டையும் விட்டாள்.

கார்த்திகையில் கடைத் தராசு எழுபது காட்டியது. இருவரும் கண்டிக்கு பஸ் ஏறினார்கள். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டபோது, வீங்கிய காலோடு வந்த அவரை அவள் தோள்கொடுத்துக் கொண்டுபோனாள்.

ஆஸ்பத்திரித் தராசு எழுபத்திரண்டு என்றது.

"தையில வாங்க," என்றார் டொக்டர். பிறகு உருத்திரமூர்த்தியின் கையைத் தொட்டுப் பார்த்தார். இயந்திரத்துக்காக ஊசி ஏற்றும் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு வந்தது. "அதுக்கு மேல போனா கஷ்டம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஓயவில்லை. "அவங்க தராசுதான் பிழை. நம்ம தராசு கவர்மென்ட் முத்திரை அடிச்சது." அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிப் பலகையில் ஏறினாள். தானே குண்டை நகர்த்தினாள். எழுபது.

"பாருங்க! நாளைக்கே இந்தத் தராச லொறியில ஏத்துவோம். அந்த டொக்டரையும் ஏத்தி நிறுப்போம்!"

"இறங்கு தங்கேசு."

"ஏன்?"

"இறங்கு."

இறங்கினாள். அவர் குண்டைப் பூச்சியத்துக்குத் தள்ளினார். வெறுந்தராசின் கோல் மிதக்கவில்லை. நுனி கீழே படிந்து கிடந்தது. அவர் திருகாணியைத் திருகினார். கோல் மெல்ல எழுந்து நடுவில் நின்று நடுங்கியது.

"இப்ப ஏறு."

எழுபத்திரண்டு.

விற்க வருகிறவர்கள் கொண்டுவரும் மிளகு சரியாகக் காய்ந்திருக்காது. ஈரத்துக்காகச் சாக்குக்கு இரண்டு கிலோ கழிப்பது அவருடைய வழக்கம். வாயால் சொல்லிக் கழித்தால் சண்டை வரும் என்று அதைத் திருகாணியிடம் விட்டிருந்தார். கோலின் நுனி இரண்டு கிலோ அளவுக்குக் கனத்திருந்தால், பலகையில் எது ஏறினாலும் இரண்டு கிலோ குறைத்தே காட்டும்.

"எப்பயிருந்து தெரியும்?"

"முதல் நாளே."

அவள் பலகையை விட்டு இறங்கவில்லை.

"நீ சிரிச்சே," என்றார் அவர். "எனக்கு நோய் வந்த பொறகு நீ அப்படிச் சிரிக்கல்ல. நாளைக்குச் சொல்லலாம்னு விட்டேன். நாளைக்கு நீ மஸீனாவோட நடக்கக் கிளம்பிட்டே. சொன்னா நீ நடக்கிறத நிப்பாட்டிருவியோன்னு பயமா இருந்திச்சு. அப்புறம் நீ பட்ட பாட்டைப் பார்த்து... வாய் வரல்ல."

"சாகப்போறது நீங்க."

"தெரியும்."

அவள் உள்ளே போனாள். கதவு சாத்தப்படும் என்று அவர் காத்திருந்தார். சாத்தப்படவில்லை. தண்ணீர்ச் செம்போடு கடைக்கு வந்து, அவருக்கு எதிரில் நின்று, அண்ணாந்து ஊற்றிக் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கும் சத்தம் கடை முழுவதும் கேட்டது. அவருடைய காய்ந்த உதடுகள் தாமாகவே அசைந்தன.

"இவ்வளவு நாளும் கதவைச் சாத்திக்கிட்டுக் குடிச்சேன்."

"தெரியும். கதவு கிறீச்சிடும்."

"இனிச் சாத்த மாட்டேன்." செம்பைச் சாக்கின்மேல் வைத்தாள். "நீங்களும் வெறுந்தராசை எனக்குக் காட்டிட்டுத்தான் என்னை ஏத்தணும்."

வெளியே தூறிக்கொண்டிருந்தது. இருட்ட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அவளுக்கு நடக்க ஆசையில்லை. மெலிவோம் என்ற நம்பிக்கையும் இல்லை. அவர்மேல் அன்பு இருக்கிறதா என்றுகூட அந்த நேரத்தில் அவளுக்குத் தெரியவில்லை. செருப்பை மாட்டி, குடையை எடுத்துக்கொண்டு மதகுப் பக்கம் ஏறினாள்.

உருத்திரமூர்த்தி செம்பைப் பார்த்தார். அதில் பாதித் தண்ணீர் இருந்தது. முகத்தைத் திருப்பி, குண்டைத் திரும்பவும் பூச்சியத்துக்குத் தள்ளிவிட்டுக் கோலைப் பார்த்தார். வாசலால் வந்த ஈரக் காற்றில் அது ஆடி ஆடி மிதந்துகொண்டிருந்தது.