இல்லாத முதுகுவலி

அந்தப் பொய்யை அவள் யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் இதைவிட உருப்படியான பொய்யாகச் சொல்லியிருப்பாள். மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தபோது சோபா பட்டறை முதலாளி போன் செய்தார்.

"என்னம்மா, ஊசி ஒரு வாரமா ஆளையே காணோம்?"

ஊசி என்பது அவளுடைய கணவருக்குப் பட்டறையில் வைத்த பேர். மெத்தை உறைகளைக் கையால் தைப்பதில் ஆள் கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரர் அப்போது வீட்டில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பல் தேய்ப்பதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் "வை" என்பார். வைத்தது வைத்தபடியே ஆறிப்போகும். இதை முதலாளியிடம் எந்த வாயால் சொல்வது? கவுண்டரில் ஒருவர் இடுப்பு பெல்ட் வாங்குவதற்காக நின்றுகொண்டிருந்தார். அவள் பார்வை அந்த பெல்ட்டின் மேல் விழுந்தது. வாய் முந்திக்கொண்டது.

"முதுகுங்க. டிஸ்க் நழுவிடுச்சு. அசையவே கூடாதுன்னுட்டாங்க."

"அடப்பாவமே! நல்லா ஓய்வெடுக்கச் சொல்லும்மா. வேலை எங்க ஓடிப்போகுது?" என்றார் முதலாளி. நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களிடம் சொன்ன பொய்தான் சீக்கிரம் வளர்ந்துவிடுகிறது.

மனநல டாக்டரிடம் அவரை அவள்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அதில் குறை சொல்ல முடியாது. மாத்திரையை மட்டும் தன் கடையில் வாங்காமல், இரண்டு பஸ் மாறிப் போய் வேறொரு கடையில் வாங்கினாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் மருந்து வாங்க ஊரைச் சுற்றினாள் என்றால் யாராவது நம்புவார்களா? அப்படித்தான் சுற்றினாள். மாத்திரை வேலை செய்தது. அவர் முகம் கழுவினார், தட்டைக் காலி செய்தார், ஒருநாள் தானாகவே சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

"இனி வேலைக்கு அனுப்புங்க," என்றார் டாக்டர். "முதல்ல அரை நாள் போதும். தனியா மட்டும் உட்கார விட்டுடாதீங்க. நாலு பேரோட சேர்ந்து செய்யற வேலையா கேட்டு வாங்குங்க. முதலாளிகிட்ட விஷயத்தைச் சொல்லிடுங்க. சங்கடமா இருந்தா நானே பேசறேன்."

"நானே சொல்லிடறேன் டாக்டர்," என்றாள். சொல்லவில்லை.

வேலைக்குத் திரும்பிய காலையில் கடையிலிருந்து கொண்டுவந்த பெல்ட்டை எடுத்து அவர் இடுப்பில் கட்டிவிட்டாள். அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"எனக்கு முதுகு வலிக்கலையே."

"எனக்குத் தெரியாதா? கொஞ்ச நாள் போட்டுக்கிட்டுப் போங்க. அப்புறம் மெதுவா கழட்டிடலாம்."

பட்டறையில் அவருக்கு ராஜ உபசாரம். தைத்து முடித்த சோபாவை வேனில் ஏற்றுவது எப்போதும் அவரும் பயில்வானும்தான். பயில்வான் ஆறடி ஆள். சோபாக் கட்டைகளை அறுப்பவர். ஒரு முனையில் அவர், மறு முனையில் ஒல்லிக்குச்சி ஊசி. பயில்வான் "ரெடியா?" என்று கேட்க, ஊசி "எழுப்பு!" என்று போடுகிற சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்க்கும். அந்த உடம்புக்குள் அத்தனை பெரிய குரல் எங்கே இருந்ததோ! இப்போது அவர் சோபா அருகில் போனாலே, "நீ தொடாதடா, மறுபடியும் முதுகு போயிடும்," என்று பயில்வான் பதறினார். பஞ்சு மூட்டைகள் அடுக்கிய மூலை அறையில் ஒரு நாற்காலி, முதுகுக்கு ஒரு தலையணை, முன்னால் ஒரு டப்பா பட்டன். பட்டனுக்குத் துணி சுற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. பேச்சுத் துணைக்குப் பஞ்சு மூட்டைதான்.

"இன்னிக்கு என்ன வேலை?" என்று அவள் கேட்பாள்.

"பட்டன்."

மறுநாளும் பட்டன். அதற்கு மறுநாளும் பட்டன். இஸ்திரிப் பெட்டி மறுபடியும் அலமாரிக்குள் போயிற்று. ஒருநாள் அவரே வாய் திறந்தார்.

"சொல்லிடலாமா? வெளிய எல்லாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டு வேலை செய்யறாங்க. நான் மூலையில கிடக்கறேன். மறுபடியும் அந்த மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

"என்னன்னு சொல்லுவீங்க? புத்தி பேதலிச்சுப் போச்சுன்னா? அப்புறம் கத்தரிக்கோலைக்கூட கையில தரமாட்டாங்க!"

சொன்ன பிறகுதான் அது எப்படிக் குத்தும் என்று அவளுக்கு உறைத்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ஒரு குறையும் இல்லாத அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே அவள் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். அவளுடைய அடுத்த வாரம் வந்துகொண்டே இருந்தது.

அப்புறம் ஒரு மதியம் கவுண்டருக்கு ஒரு பெண் வந்தாள். தலைகூட வாரவில்லை.

"அக்கா, என்னைத் தெரியுதா? பயில்வான் வீட்டுக்காரி. நேத்து பெரிய சோபா ஒண்ணை ஒத்தை ஆளா தூக்கியிருக்காரு. இறக்கி வைக்கறப்போ அப்படியே மடங்கி விழுந்துட்டாரு. டிஸ்க்காம். உங்க வீட்டுக்காரருக்கு வந்ததேதான்."

"ஏன் ஒத்தை ஆளா...?"

"அந்த முனையை எப்பவும் உங்க வீட்டுக்காரர்தானே பிடிப்பாரு? பாவம், இந்த நிலைமையில அவரைப் போய்க் கூப்பிட முடியுமா?"

அதில் ஒரு துளி குற்றச்சாட்டு இல்லை. அதுதான் அவளைக் கொன்றது.

"உங்க வீட்டுக்காரருக்குப் பார்த்த டாக்டர் யாருக்கா? அவர் எழுந்து வேலைக்கே வந்துட்டாரே. அந்த டாக்டர்கிட்டயே காட்டிடறேன்."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "அவர்... வெளியூர் போயிருக்காரும்மா," என்றாள்.

"அப்போ அவருக்குப் போட்ட அதே பெல்ட்டு ஒண்ணு குடுங்க."

அவள் எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போனதும் அவரிடம் ஒன்றுவிடாமல் கொட்டினாள். அவர் கேட்டுக்கொண்டே எழுந்தார். "கிளம்பு," என்றார்.

"போய் என்ன சொல்லப்போறீங்க?"

"தெரியல. கிளம்பு."

பயில்வான் தரையில் ஒரு பலகையின் மேல் கட்டை மாதிரி நீட்டிப் படுத்திருந்தார். மதியம் வாங்கிய பெல்ட் அந்த இடுப்புக்கு எட்டாமல், நுனியில் ஒரு கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். தலையை மட்டும் திருப்பி, "வாடா ஊசி," என்றார். "எப்படிடா தாங்கினே? எனக்கு ஒரு நாளைக்கே உயிர் போகுது."

ஊசி சட்டையைத் தூக்கித் தன் பெல்ட்டைப் பிரித்தார். ஒட்டியிருந்தது பிய்ந்து வந்த சத்தம் அந்தச் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டது.

"எனக்கு முதுகுல ஒண்ணுமே இல்ல பயில்வான். மனசுதான் கெட்டுப்போச்சு. படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியல. அழுகைகூட வரல. அதுக்குத்தான் வைத்தியம், மாத்திரை எல்லாம். முதுகுன்னு நான்தான் பொய் சொன்னேன்."

நான்தான் என்று அவர் சொன்னதும், வாசல்படியில் நின்ற அவளுக்கு ஒரு கணம் 'அப்பாடா' என்றிருந்தது. அந்த அப்பாடாவுக்காக அவள் பிற்பாடு எத்தனையோ முறை தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அவர் இல்லீங்க," என்றாள். "நான். முதலாளிகிட்டயும் நான்தான் சொன்னேன். சொல்லிடலாம்னு அவர் கேட்டப்பவும் நான்தான் வாயை அடைச்சேன்."

பயில்வானின் மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். "மதியம் என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னீங்களே அக்கா," என்றாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டு நின்றிருக்கலாம்.

பயில்வான் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு படுத்த வாக்கிலேயே கத்தினார். "அடப்பாவி! மனசு சரியில்லைன்னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன் தெரியுமா?"

ஊசி தலையைக் குனிந்துகொண்டார்.

"வாடா, வந்து அந்த முனையைப் பிடின்னு கூப்பிட்டிருப்பேன்! முதுகுன்னதாலதானேடா உன்னைத் தொட விடல!"

டாக்டர் சொன்னதும் அதேதான். படித்தவர் பொறுமையாகச் சொன்னதை இவர் கத்திச் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் குறுக்கே நின்றது தான் ஒருத்திதான் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒருவரை மூலையில் உட்கார வைத்தாள். இன்னொருவரைப் பலகையில் படுக்க வைத்தாள்.

"சரி, பிடிடா," என்றார் பயில்வான். "ரொம்ப நேரமா பாத்ரூம் போகணும். இவ ஒருத்தியால என்னை அசைக்க முடியல."

ஊசி பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு, குனிந்து ஒரு பக்க அக்குளுக்குள் கை கொடுத்தார். பயில்வானின் மனைவி அவளைப் பார்த்தாள்.

"ஏன் நிக்கறீங்க? அந்தப் பக்கம் பிடிங்க."

இந்த முறை 'அக்கா' என்று கூப்பிடவில்லை. அவள் ஓடிவந்து மறு பக்கம் தோளைக் கொடுத்தாள்.

"ரெடியா?" என்றார் பயில்வான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எழுப்பு!"

அந்தக் குரல் அறையை நிறைத்தது. அவள் அதைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக் கை காலியாக இல்லை. பயில்வானின் கனம் மொத்தமும் அவள் தோளில் இறங்கியது. அவள் விட்டுவிடாமல் நடந்தாள்.